பாகூவில் உயர்ந்த பெயர்ப்பலகையும் எண்ணூர்க் கழிமுகமும்: இந்தியக் காலநிலைப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. காலநிலை மாநாடுகளில் இந்தியாவுக்காகப் பேசும் குழுவினருக்கும், அந்தக் குழுவை வழிநடத்தும் சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகத்துக்கும், வடசென்னையிலிருந்து.

வணக்கம்.

2024 நவம்பர் 24, பொழுது விடியாத நேரம். அஜர்பைஜானின் பாகூ நகரில் கூடிய காலநிலை மாநாட்டு அரங்கில், வளரும் நாடுகளுக்குத் தரும் காலநிலை நிதியின் புதிய இலக்குக்கான தீர்மானம் மேடைக்கு வந்தது. அதை ஏற்பதற்கு முன் தான் பேச வேண்டும் என்று இந்தியா தலைமைக்கும் செயலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. வாய்ப்புத் தரவில்லை. தீர்மானம் நிறைவேறியது என்று தலைவரின் சுத்தியல் இறங்கியது, கைதட்டல் எழுந்தது. அதற்குப் பிறகுதான் இந்தியக் குழுவின் சாந்தினி ரைனாவுக்கு ஒலிவாங்கி கிடைத்தது. அந்த ஆவணம் வெறும் காட்சி மயக்கம், இந்தியா அதை எதிர்க்கிறது என்று அவர் சொன்னார். நைஜீரியாவும் பொலிவியாவும் துணைக்கு வந்தன. எல்லாம் பதிவாயிற்று. தீர்மானம் மட்டும் போட்டது போட்டபடி நின்றது.

வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். கிடைத்தது 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இரண்டு தொகையும் தீர்மானத்தில் இருக்கின்றன, ஆனால் வினைச்சொல் வேறு. சின்னத் தொகைக்கு மாநாடு 'முடிவு செய்கிறது'. பெரிய தொகைக்கு, சேர்ந்து உழைக்கும்படி 'எல்லாத் தரப்பையும் அழைக்கிறது'. எல்லாத் தரப்பையும் அழைத்தால் யாரையும் அழைக்கவில்லை என்று பொருள். இது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று இந்தியா கேட்டது நியாயம் என்றே இன்றும் சொல்கிறோம். எங்கள் வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே எந்த நடைமுறையை எதிர்த்து, பேச வாய்ப்புக் கேட்டு நாட்டின் பெயர்ப்பலகையைத் தூக்குகிறீர்களோ, அதே நடைமுறை உங்கள் அமைச்சகத்தின் விதிகளின் பெயரிலேயே எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் நடக்கிறது. பெரிய அனல்மின் நிலையத்துக்கும் பெரிய துறைமுகத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவதும் மாநாட்டுக்குக் குழு அனுப்புவதும் ஒரே ஜோர் பாக் கட்டடம்தான். 2026 நவம்பரில் துருக்கியின் அந்தால்யாவில் 31ஆவது மாநாடு கூடுவதற்கு முன் இதைப் பேசிவிடலாம் என்று எழுதுகிறோம்.

இது திறந்த மடல், எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலநிலை மாநாட்டில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு பற்றிய 42ஆம் விதியை நாடுகள் இன்றுவரை ஏற்கவில்லை; 1995 பெர்லின் மாநாட்டிலிருந்து அந்த ஒரு விதியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டுதான் வண்டி ஓடுகிறது. ஆகவே எல்லாம் ஒருமித்த கருத்தின்படி. ஒருமித்த கருத்து வந்துவிட்டதா என்று சொல்பவர் தலைவர். 2010 கான்குன் மாநாட்டில் பொலிவியா மட்டும் மறுத்தது. ஒரு நாடு மட்டும் தடுக்க முடியாது என்று சுத்தியல் இறங்கியது. 2012 தோஹாவில் ரஷ்யா பலகையைத் தூக்கியது, அங்கேயும் இறங்கியது. வித்தியாசம் அடுத்த ஆண்டு தெரிந்தது. 2013 ஜூனில் பான் நகரக் கூட்டத்தில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றும் சேர்ந்து ஒரு துணைக்குழுவின் நிகழ்ச்சி நிரலையே இரண்டு வாரம் நகரவிடவில்லை. பொலிவியாவுக்கு அந்த வலு இல்லை. சுத்தியல் எல்லாருக்கும் ஒன்றுதான். அடி வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது விஷயம்.

இனி எழுத்துக்கு வருவோம். ஒரு விஷயம் முதலில் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும். ஏறினால் தொடர்புக் குழு, அதற்குள் முறைசாரா அமர்வு, அதற்கும் பிறகு அறையின் மூலையில் பத்துப் பேர் நின்றபடி தலைகூட்டிப் பேசுவது. உள்ளே போகப் போக ஆளும் குறையும், பதிவும் குறையும். ஐ.நா.வின் ஆறு மொழிகளில் உரைபெயர்ப்பு பொது அமர்வுக்கு மட்டும்தான். மற்ற அறைகளில் ஆங்கிலம். ஒரே நேரத்தில் பல அறைகளில் கூட்டம் நடக்கும்போது மூன்று பேர் வந்த நாடு எந்த அறைக்குப் போகும்? முடிவு எட்டாத விஷயம் 16ஆம் விதிப்படி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். அவசரம் இல்லாதவனுக்கு அந்த விதி நல்ல நண்பன்.

வரைவு எப்படி இருக்கும் என்று காட்ட நாங்களே ஒரு வரி எழுதிப் பார்க்கிறோம்: வளர்ந்த நாடுகள் [வழங்கும்] [வழங்க வேண்டும்] [வழங்குமாறு ஊக்குவிக்கப்படுகின்றன] [புதிய, கூடுதலான] [பல மூலங்களிலிருந்து வரும்] நிதி. ஒவ்வொரு சதுர அடைப்பும் ஒரு நாட்டின் 'எனக்கு ஒப்புதல் இல்லை'. அனுபவம் உள்ளவர்கள், பின்னால் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பதற்கென்றே இரண்டு அடைப்பைக் கூடுதலாகப் போட்டுவைப்பார்கள். முதல் வாரம் அடைப்புகள் பெருகும். இரண்டாம் வாரம் அமைச்சர்கள் வருவார்கள். கடைசி இரவு தலைமை தன் பெயரில் சுத்தமான ஒரு வரைவைக் கொண்டுவரும், அடைப்பே இருக்காது. யாருடைய சொல் நின்றது, யாருடையது போனது என்று பார்க்க ஓரிரு மணி நேரம். 2015 பாரிஸில் இறுதி வரைவின் 4.4ஆம் பிரிவில் வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக் குறைப்புக்கு 'ஷல்' என்று இருந்தது. அது கட்டளைச் சொல். அப்படியே விட்டால் அமெரிக்கா தன் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும். மேடையில் செயலகம் அதைத் தட்டச்சுப் பிழைகளோடு பிழையாக, கட்டாயமில்லாத 'ஷுட்' என்று திருத்தி வாசித்தது. வலுத்தவன் கேட்டால் பிழைதிருத்தம், இளைத்தவன் கேட்டால் ஒப்பந்தத்தையே கலைக்கும் முயற்சி.

காட்டுக் கணக்கில் இந்த ஓரவஞ்சனை இன்னும் தெளிவாகத் தெரியும். 1997 கியோட்டோவில், வளர்ந்த நாடுகளின் உமிழ்வுக்கு வரம்பு வைத்த நெறிமுறையில் 3.7ஆம் பிரிவு ஒன்று நுழைந்தது. 1990இல் நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் நிகர உமிழ்வு இருந்த நாடு, அதையும் தன் அடிப்படை ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் 1990இல் காடு வெட்டி நிலமாக்குவது மும்முரமாக இருந்தது. கியோட்டோ வருவதற்குள் அது தானாகவே தணிந்திருந்தது. வெட்டியதைக் கணக்கில் ஏற்றியதால் ஆரம்பப் புள்ளி உயர்ந்தது. அதற்கு மேல் 8 விழுக்காடு கூட்டிக்கொள்ளவும் அனுமதி. பேச்சுவார்த்தை வட்டாரத்தில் இதற்குப் பெயரே 'ஆஸ்திரேலியப் பிரிவு'. அந்தால்யாவில் வீடு துருக்கியுடையது, பேச்சுவார்த்தையை நடத்தப்போவது ஆஸ்திரேலியா. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்யாவின் கதை இன்னும் சுவையானது. 2001 மார்ச்சில் அமெரிக்கா கியோட்டோவிலிருந்து விலகியது. நெறிமுறை நடைமுறைக்கு வர, வளர்ந்த நாடுகளின் 1990 கரியமில உமிழ்வில் 55 விழுக்காட்டுக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்காவின் பங்கு 36.1. அது போன பிறகு 17.4 விழுக்காடு வைத்திருந்த ரஷ்யா இல்லாமல் கணக்கு தேறாது. அந்த ஜூலையில் பான் கூட்டத்தில் ரஷ்யக் காடுகளுக்கு ஆண்டுக்கு 17.63 மெகா டன் (ஒரு மெகா டன் பத்து லட்சம் டன்) கரிமம் வரை வரவு வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து மராகேஷில் அது 33 மெகா டன் ஆனது. அந்த நான்கு மாதத்தில் சைபீரியாவில் மரம் இரட்டிப்பாகவில்லை. ரஷ்யாவின் கையெழுத்துக்கு விலை ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

இதே காலத்தில் வெப்பமண்டல நாடுகளுக்கு என்ன விதி? வளரும் நாட்டில் குறைத்த உமிழ்வை வளர்ந்த நாடு வரவாக வாங்கும் தூய்மை மேம்பாட்டுப் பொறிமுறையில் புதிதாக நட்ட காடு மட்டும் செல்லும். இருக்கும் காட்டைக் காப்பாற்றினால் ஒன்றும் கிடையாது. நட்டதிலும், வாங்கும் நாடு தன் அடிப்படை ஆண்டு உமிழ்வின் 1 விழுக்காட்டுக்கு மேல் ஆண்டுதோறும் வாங்கக் கூடாது. 2005இல் பாப்புவா நியூ கினியும் கோஸ்டாரிகாவும் காடழிப்பைக் குறைப்பதற்குப் பணம் என்ற பேச்சைத் தொடங்கின. வெட்டியவன் நிறுத்தினால் பணம், வெட்டாமலே இருந்தவனுக்கு வெறுங்கையா என்று கேட்டது இந்தியா. காடழிப்பைக் குறைக்கும் அந்தத் திட்டத்தின் 'ரெட்' என்ற பெயருக்குப் பின்னால், காட்டைக் காப்பதையும் சேர்க்கும் 'பிளஸ்' ஒட்டிக்கொள்ள 2007 பாலியில் வழி பிறந்ததில் இந்தியாவின் உழைப்பு பெரிது. அதற்கு உங்கள் முன்னோடிகளுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் விதிகள் முழுமையாக 2013 வார்சா வரை ஆயிற்று. தேசியத் திட்டம் எழுது, ஒப்பீட்டு அளவைக் கட்டு, கண்காணிப்பு முறை அமை, பாதுகாப்பு நெறிகளுக்குத் தகவல் முறை வை, வெளி வல்லுநர்கள் வந்து சரிபார்க்கட்டும், அதன் பிறகு பணம். ரஷ்யாவுக்கு 33 மெகா டன் வந்தது பேரத்தில். காங்கோவுக்கும் பிரேசிலுக்கும் தணிக்கை. சரி, தணிக்கை நல்லதுதான் என்று வைத்துக்கொள்வோம். விலையைப் பாருங்கள். வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதி தரும் பசுமைக் காலநிலை நிதியம் 2019இல் பிரேசிலுக்கு 9.65 கோடி டாலர் கொடுத்தபோது ஒரு டன்னுக்கு 5 டாலர். ஐரோப்பியக் கரிமச் சந்தையில் ஒரு டன் அண்மை ஆண்டுகளில் 50 யூரோவுக்கு மேல். வானத்துக்கு எல்லா டன்னும் ஒரே டன்தான்.

இப்போது பிரேசிலின் பெலெமில், 2025 மாநாட்டில் தொடங்கிய வெப்பமண்டலக் காடுகளுக்கான நிரந்தர நிதியம். இலக்கு 12,500 கோடி டாலர். அதில் 2,500 கோடி அரசுகளிடமிருந்து, மீதி தனியார் முதலீடு. அதைச் சந்தையில் போட்டு, வரும் வருமானத்தில் முதலில் முதலீட்டாளருக்கு வட்டி. மிஞ்சினால் நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர், அதில் 20 விழுக்காடு பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். 4 டாலர் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 140 ரூபாய். காசிமேட்டில் ஒரு கிலோ நல்ல இறால் வராது. இந்தியா இதில் பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறது. அவசரப்பட்டு உள்ளே போகாமல் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறோம்.

சொற்களின் விளையாட்டில் இன்னும் இரண்டு. 2008 போஸ்னானில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் சேர்ந்து காட்டு வரைவிலிருந்து 'உரிமைகள்' என்ற சொல்லை எடுத்துவிட்டன. பழங்குடி 'மக்களினங்கள்' என்று பன்மையில் இருந்ததில் ஓர் ஆங்கில எழுத்தைக் கழற்றி 'மக்கள்' ஆக்கின. இனம் என்றால் நிலத்தின் மீது உரிமை கேட்கும். மக்கள் என்றால் நலத்திட்டம் போதும். 2010 கான்குனில் அந்த எழுத்து திரும்பி வந்தது. 'உள்ளூர்ச் சமூகங்களின் உறுப்பினர்கள்' என்ற சொல்லும் சேர்ந்தது. ஆனால் ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனம் நிறைவேறியிருப்பதை 'கவனத்தில் கொண்டு' என்ற அளவோடு நின்றது. பின்பற்றி என்று எழுதவில்லை.

மற்றது கிளாஸ்கோ, 2021 நவம்பர் 13. நிலக்கரியைப் படிப்படியாக 'நிறுத்துதல்' என்பதை 'குறைத்தல்' என்று மாற்றிப் படித்தவர் நம் அமைச்சர் பூபேந்தர் யாதவ். உலகமே இந்தியாவைக் கரித்துக்கொட்டியது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா கண்கலங்கினார். ஆனால் அந்தச் சொல் மூன்று நாள் முன்பே, நவம்பர் 10 அன்று வந்த அமெரிக்க, சீனக் கூட்டறிக்கையில் இருந்தது. எண்ணெய், எரிவாயு பற்றி அந்தத் தீர்மானத்தில் இப்படி ஒரு சொல்லும் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். 1850 முதல் 2019 வரை சேர்ந்த கரியமில வாயுவில் வட அமெரிக்காவின் பங்கு 23 விழுக்காடு, ஐரோப்பா 16, தெற்காசியா முழுவதும் 4 என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. நீங்கள் எடுத்த நிலைப்பாட்டுக்கு இந்த எண்கள் போதும்.

ஆனால் இதே வாதத்தைக் கொஞ்சம் எங்கள் வடசென்னைப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

சேர்ந்த சுமைக்கு ஏற்பப் பொறுப்பு என்பது உங்கள் கொள்கை. கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தைச் சுற்றி அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் மட்டும் 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரம் நிறுவப்பட்டிருக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 விழுக்காட்டுக்குக் குறையாது. அது நீரோடு கலந்து குழாயில் போய், குழாய் கசிந்த இடமெல்லாம் கழிமுகத்தில் படிகிறது. துறைமுகங்கள், மணலியின் ஆலைகள், உரம், எண்ணெய் எல்லாம் இதே வட்டாரம்தான். இத்தனைக்கும் அனுமதி தரும்போது ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பது அறிக்கையில் 'தற்போதைய சூழல்' என்ற தலைப்பில் ஆரம்பப் புள்ளியாகிவிடுகிறது. அசுத்தமான ஆரம்பப் புள்ளி புதுத் திட்டத்துக்கு வசதி. ஆஸ்திரேலியா 1990இல் செய்ததும் இதுவே.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி 30 நாள் முன்னறிவிப்பு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத ஒருவரோ தலைமை. தமிழில் வருவது சுருக்கம் மட்டும். நீரோட்டக் கணக்கு, சாம்பல் குட்டையின் வடிவமைப்பு, மீன்வள ஆய்வு எல்லாம் இருக்கும் முழு அறிக்கை ஆங்கிலத்தில். அதை எழுதுபவர் திட்டக்காரர் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆலோசகர். கூட்டம் தொடங்க இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று விதியே சொல்கிறது. எழுந்த ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதுபவரும் திட்டக்காரரே. எதிர்ப்பு பதிவாகும், அனுமதி வந்துவிடும். பாகூவில் இந்தியாவுக்கு நடந்ததற்கும் இதற்கும் எங்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை.

காடு எது என்ற கேள்வியில் இன்னும் வேடிக்கை. மராகேஷ் விதிப்படி ஒவ்வொரு நாடும் தன் வரையறையை ஒரு வரம்புக்குள் தேர்ந்துகொள்ளலாம். இந்தியா அங்கே கொடுத்தது: குறைந்தது 0.05 ஹெக்டேர், 15 விழுக்காடு விதானம் (மரக்கிளைகள் மூடும் பரப்பு), 2 மீட்டர் உயரம். உள்நாட்டில் இந்திய வன அளவைத் துறையின் கணக்கு: 1 ஹெக்டேர், 10 விழுக்காடு, யார் நிலமானாலும், எந்த மரமானாலும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக்கு 50 மீட்டர் காப்பு வட்டம் கிடைக்க 1,000 சதுர மீட்டர், அதாவது 0.1 ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மேசை, மூன்று அளவுகோல்.

இதன் விளைவு எண்ணூரில் எப்படி இறங்குகிறது? வன அளவைப் படத்தின் ஒரு புள்ளி 23.5 மீட்டர் சதுரம். ஏறக்குறைய 18 புள்ளிகள் சேர்ந்தால்தான் ஒரு ஹெக்டேர். கழிமுகத்து அலையாத்தி பெரும்பாலும் கால்வாய் ஓரத்தில் நீளமாக, பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்தில் நிற்பது. பாதிப் புள்ளி மரம், பாதிப் புள்ளி நீர். அது காடாகத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். கொஞ்சம் தள்ளி, தூர்ந்துபோன நிலத்தில் அடர்ந்து பரந்த சீமைக்கருவேலம் அழகாகக் காடாகத் தெரியும். இந்தக் கணக்குதான் தொகுக்கப்பட்டு, 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கூடுதல் கரிமத் தேக்கம் என்ற நம் வாக்குறுதிக்குச் சான்றாக ஐ.நா.வுக்குப் போகிறது. சீமைக்கருவேலத்தில் கரிமம் இல்லையா என்றால் இருக்கிறது. இறால் குஞ்சு இல்லை. அலை தடுக்கும் வேர் இல்லை. அலையாத்தியின் கரிமத்தில் பெரும்பங்கு மரத்தில்கூட இல்லை, கீழே உள்ள சேற்றில் இருக்கிறது. அந்தச் சேற்றைத் தோண்டித் தூர்த்தால் அது வெளியே வந்துவிடும்.

நடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 540 சதுர கிலோமீட்டர் அலையாத்தி என்ற, மத்திய அரசின் மிஷ்டி திட்டத்தை உலக மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆகவே நடும் மட்டம் அரை மீட்டர் பிசகினாலே கன்று நாள் முழுக்க நீருக்குள் நிற்கும், அல்லது உப்புப் பூத்து வறண்டுபோகும். ஆட்சேபம் இல்லாத, யாரும் கேட்காத இடம் எது என்று பார்த்தால் திறந்த சேற்றுத்திட்டுதான் கிடைக்கும். அங்கே நட்டால் ஆறே மாதத்தில் குச்சிதான் மிஞ்சும். சரியான வழி மேட்டுப்பகுதியில் மீன்முள் மாதிரி முதன்மை வாய்க்காலும் சாய்வான கிளை வாய்க்கால்களும் வெட்டி, அலைநீர் உள்ளே வந்து வெளியே போகும்படி செய்வது. பிச்சாவரத்தில் அப்படித்தான் மீட்டார்கள். எண்ணூரில் அதற்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. சாம்பல் இறுகிய சேற்றில் காற்றுப் புகாது. அலையாத்தி மூச்சுவிடுவது சேற்றிலிருந்து விரல்போல மேலே நீட்டும் வேர்களால். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அந்த வேர்களின் மேல்தான் பூசிக்கொண்டது. சாம்பலை அள்ளாமல் கன்றை எண்ணினால் எண்ணிக்கை மட்டும்தான் வளரும்.

ஒப்புதல் யாரிடம் கேட்பது என்பது இன்னொரு சிக்கல். கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டம், மாநகராட்சி வட்டங்கள். வடகரை திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம், ஊராட்சிகள். ஒரே நீருக்கு இரண்டு ஆட்சியர். வடகரைக்குக் கிராம சபை உண்டு. காட்டுக்குப்பத்துக்கும் முகத்துவாரக்குப்பத்துக்கும் கிடையாது, அங்கே பகுதி சபைதான். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு நீர்நிலையின் மீனையும் சமூக உரிமையாகவே சொல்கிறது. ஆனால் மாநகராட்சிக்குள் அதைக் கேட்கும் படிவத்தை யாரிடம் கொடுப்பது? கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் எந்தக் கூட்டத்தின் பட்டியலில் வருவார்? பழவேற்காட்டில் பாடு போடும் முறை இருக்கிறது. எந்த இடத்தில் எவர் எந்த முறை வலை போடுவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும், வசதியானவர், ஏழை என்று பார்க்காது. அதிலும் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குச் சீட்டே கிடையாது. எங்கள் பக்கக் குறையையும் மறைக்கவில்லை.

கேட்பவற்றை இனிச் சொல்லிவிடுகிறோம்.

அந்தால்யாவுக்கு முன் இந்தியா அனுப்பும் எழுத்துச் சமர்ப்பிப்புகளில் காடு, கடற்கரை, காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பும் சேதமும் பற்றியவற்றை வரைவாக இருக்கும்போதே தமிழிலும் மற்ற கடலோர மொழிகளிலும் வெளியிடுங்கள். அனுப்பிய பிறகு போடுவது சுத்தியலுக்குப் பின் கிடைக்கும் ஒலிவாங்கி.

ஐ.நா.வுக்குத் தரும் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் இயற்கைக் காடு, தோட்டம், சீமைக்கருவேலம், அலையாத்தி நான்கையும் தனித்தனி வரியில் காட்டுங்கள். அலையாத்திக்கு நுண்ணிய படம் பயன்படுத்துங்கள், 0.1 ஹெக்டேர் வரை இறங்குங்கள். கடற்கரை அறிவிக்கையில் நீங்களே வைத்த அளவுதான் அது. இதனால் தேசியத் தொகை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவின்கீழோ தனியார் சந்தையிலோ எண்ணூர் அலையாத்தியின் கரிமத்தை விற்கும் பேச்சு வந்தால், நீங்கள் அனுமதிக் கடிதம் கொடுத்ததும் அந்த டன் வாங்கியவன் கணக்கில் சேரும், நம் கணக்கில் கழியும். பக்கத்திலேயே புகைபோக்கி நிற்கும். இரு கரைச் சபைகளும், கையால் மீன்பிடிப்பவர்களும் சேர்ந்து கூட்டாக எழுத்தில் ஒப்புதல் தராமல் அந்தக் கடிதம் கொடுக்காதீர்கள். ஒப்புதல் என்றால் மறுக்கவும் இடம் இருக்க வேண்டும். ஒரு பகுதிக்கு மட்டும் மறுக்கவும்தான்.

நிதியில் நீங்கள் கேட்பது கொடை, கடன் அல்ல. வளர்ந்த நாடுகளின் பொது நிதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடனாக வருகிறது என்று நீங்களே சுட்டுகிறீர்கள். அதே அளவுகோலை உள்ளே வையுங்கள். பசுமைக் காலநிலை நிதியம் இந்தியக் கடலோர மக்களுக்காக 2018இல் ஒப்புக்கொண்ட 4.34 கோடி டாலர் ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசாவுக்குப் போனது; தமிழ்நாடு அதில் இல்லை. இழப்பு, சேத நிதியம் பெலெமில் விண்ணப்பங்களுக்கு அழைப்பு விடுத்தது: ஒரு திட்டத்துக்கு 50 லட்சம் முதல் 2 கோடி டாலர், பாதிக்குக் குறையாமல் மிக ஏழை நாடுகளுக்கும் சிறு தீவுகளுக்கும். அவர்கள் முன்னால் நிற்பது முறைதான். மீதியில் இந்தியா விண்ணப்பித்தால், சாம்பல் அள்ளி ஆற்றின் ஆழத்தை மீட்கும் வேலையை எழுதுங்கள். ஆனால் மாசு செய்தவர் கட்ட வேண்டிய தொகையை அந்த நிதியின் தலையில் கட்டிவிடாதீர்கள். அது வெள்ளத்துக்கும் புயலுக்கும் வந்த பணம்.

கருத்துக் கேட்பில் மூன்று திருத்தம் போதும். முழு அறிக்கை தமிழில், 30 நாளுக்குப் பதில் 60 நாள் முன்னதாக. ஆய்வு எழுதுபவருக்குப் பணம் திட்டக்காரர் கையால் போகாமல் ஒரு பொதுக் கணக்கு வழியாக. ஒரே ஆற்று வடிநிலத்தில் ஏற்கெனவே இருக்கும் எல்லாத் திட்டங்களின் கூட்டுச் சுமையைக் கணக்கிட்ட பிறகே புதியது. இதற்கு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை, அடைப்புக்குறி எதுவும் நீங்க வேண்டியதில்லை.

உங்களில் யாராவது அந்தால்யா போகும் முன் எண்ணூர் வருவதானால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில், நீர் நன்றாக வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஏற்றத்தில் வந்தால் ஆறு நிறைந்து அழகாக இருக்கும், சாம்பல் படிவு எதுவும் தெரியாது. படகு சொல்லி வைக்கிறோம். சேற்றில் போனால் திரும்பி வராத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
காலநிலைப் பேச்சுவார்த்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் எண்ணூர், திருவொற்றியூர், மணலி, அத்திப்பட்டுவாசிகள்